விடுமுறை முகாமை நம் புளோக்கிலேயே நடத்தலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் தண்ணீர், மின்சாரக் கட்டணச் சீட்டை விடுமுறை முகாம் விளம்பரங்களுக்கு நடுவே தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ரோபோ முகாம், மேடைப் பேச்சு முகாம், குட்டி விஞ்ஞானி முகாம் என்று விதவிதமாக இருக்கின்றன. கட்டணத்தைப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கே நூற்றுக்கணக்கான வெள்ளி ஆகிறது. முடிந்தவர்கள் அனுப்பட்டும், அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. முடியாதவர்கள் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து, உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். வேலையிடத்தில் அவர்களுக்கு மனசு ஒட்டுவதில்லை. ஜூன் விடுமுறை நான்கு வாரம். லேசான காலமா அது?

இதற்கு அதிகச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சேர்ந்து நம் அடுக்குமாடிப் புளோக்கிலேயே பகல்நேர முகாம் நடத்துவது. செம்பவாங்கில் எங்கள் புளோக்கில் போன ஜூனில் நடத்தினோம். இந்த ஜூனுக்கும் ஏற்பாடு நடக்கிறது. எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் பெரியவர் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் இருப்பார் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி ஒட்ட வேண்டும். எழுதியபடி அவர் வந்து நிற்க வேண்டும். முக்கால்வாசி வேலை அதோடு முடிந்தது. வீட்டில் சும்மா இருக்கும் என் வயதுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் போதாதென்றால் ஆசிரியர் வெட்டிக்கொள்ளலாம்.

நான் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 2006ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்த பிறகு, எதைத் தொட்டாலும் முதலில் ஆபத்து மதிப்பீடு எழுது என்று பழக்கிவிட்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பேரப் பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாலும் ஊஞ்சல் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன். வீட்டில் இதற்காக நிறையக் கிண்டல் உண்டு. ஆனால் ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டபோது அதுதான் கைகொடுத்தது. அதனால் விளையாட்டு, பலகாரம் எல்லாம் அப்புறம். அலுப்பான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளை மட்டுமே சேர்க்கிறோம். அதற்கும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டமாக வைத்துப் பார்த்துக்கொள்ள உரிமம், பயிற்சி என்று எவ்வளவோ இருக்கிறது. அதற்கு நாங்கள் ஆளில்லை. திங்கள் முதல் வியாழன் வரை, காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரை. வெள்ளிக்கிழமை கிடையாது. முஸ்லிம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தொழுகை இருக்கிறது, எனக்கும் முட்டி வலி இருக்கிறது. நான்கு வாரத்தில் நடு இரண்டு வாரம்தான் முகாம். முதல் வாரம் பாதிப் பேர் ஜோகூருக்கோ ஊருக்கோ போய்விடுகிறார்கள். கடைசி வாரம் வீட்டுப்பாடத்தை முடிக்கவில்லை என்று வீட்டுக்கு வீடு அழுகை. ஹஜ்ஜுப் பெருநாளும் அண்மைய ஆண்டுகளில் இந்த விடுமுறையை ஒட்டியே வருவதால் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது நல்லது.

கட்டணம் வாங்குவதில்லை. காசு கைமாறினால் அது வியாபாரம், அதற்கு வேறு விதிகள். பிள்ளை தண்ணீர்ப் போத்தல், தொப்பி, ஒரு பழம் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அட்டைப் பெட்டிகளைக் கீழே உள்ள மளிகைக் கடைக்காரர் எடுத்து வைக்கிறார். பழைய செய்தித்தாளும் நிறைய ஆகிறது. உங்கள் தாளும் அதில் உண்டு, ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கப் படிவம். அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள், எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, ஆஸ்துமா இருக்கிறதா, மூச்சு மருந்து பையில் இருக்கிறதா, யார் வந்து அழைத்துப்போவார்கள், பஸ்ஸில் கூட்டிப்போகச் சம்மதமா. கீழே பெற்றோர் கையெழுத்து. "என்ன அங்கிள், தெரிந்த பிள்ளைதானே, இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு தாயார் கேட்டார். அவர் பையனுக்கு வேர்க்கடலை ஆகாது என்பது அந்தப் படிவத்தை நிரப்பச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் வேர்க்கடலைச் சுண்டலுக்கு ஊறவைக்கலாமா என்று பேச்சு.

எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக எந்த அறையிலும், எந்த மின்தூக்கியிலும் இருக்கக் கூடாது. இது என்னையும் சேர்த்துத்தான். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது, தங்களைச் சந்தேகப்படுவதாக நினைக்கிறார்கள். பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்த ஃபோர்மேனும் தலைக்கவசம் போட்டுக்கொண்டுதான் கப்பலைப் பழுதுபார்க்கும் டாக்குக்குள் இறங்குவார். அதில் அவருக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

கழிவறையைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கழிவறை கிடையாது. இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தே வைக்கிறோம், உள்ளே என் மனைவியும் அவருக்குத் துணையாக ஒரு தாயாரும் இருப்பார்கள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் படியேறிப் போய்வர வேண்டும். மின்தூக்கிக்கு அனுமதி இல்லை. விட்டால் உச்சி மாடிவரை ஒரு சவாரி போய்விட்டுத்தான் திரும்புவார்கள்.

அப்புறம் வானிலை. ஜூனில் சில நாள் விடியும்போதே சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையுமாக அடித்துக்கொண்டு வரும். எட்டு மணிக்கு வானம் கறுத்திருக்கும், பத்து மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் மின்னல், புகைமூட்டம், வெப்ப அளவு எல்லாமே தெரிகின்றன. வெப்ப அளவு என்று நான் சொல்வது வெறும் டிகிரிக் கணக்கு இல்லை. ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் அளவு. அது 33ஐ எட்டினால் உயர் அபாயம். அன்று திடலில் ஓட்டம் இல்லை, நிழலில்தான் எல்லாம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் முகாமையே நிறுத்திவிடுவது என்று வைத்திருக்கிறோம். 2013 ஜூன் 21 அன்று அது 401ஐத் தொட்டது நினைவிருக்கிறதா? அன்றைக்குப் பட்டறையில் எதிரே நின்ற பாரந்தூக்கி எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம்.

பட்டறையில் வேலை தொடங்கும் முன் எல்லாரும் வட்டமாக நின்று அன்றைய வேலையையும் ஆபத்தையும் பேசுவோம். டூல்பாக்ஸ் மீட்டிங் என்போம். முகாமிலும் தினமும் அதுதான் முதல் வேலை. என்னிடம் பழைய மஞ்சள் தலைக்கவசம் ஒன்று இருக்கிறது. அன்றைய பாதுகாப்பு அதிகாரியாக ஒரு பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நடுவில் நிற்கும். தலை சின்னது, உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்தால்தான் நிற்கும். அந்தப் பிள்ளை செயலியைப் பார்த்து வானிலையைச் சொல்ல வேண்டும், எல்லாரும் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், ஆம்புலன்ஸுக்கு எந்த எண் என்று கேட்க வேண்டும். "995!" என்று கத்துவார்கள். மின்தூக்கி அருகே சுவரில் இருக்கும் இதய அதிர்ச்சிக் கருவியைப் பெரியவர்களே எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? குடிமைத் தற்காப்புப் படை 2015ல் தொடங்கிய திட்டத்தில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்று வைத்தது அது. இப்போது எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

ஐந்தாம் மாடியிலிருந்து வரும் ஒரு பையன், பேசவே பேசாதவன், தலைக்கவசம் போட்ட அன்று என்னையே கண்டித்தான். நான் செருப்போடு வந்திருந்தேன். "அங்கிள், ஷூ எங்கே?" மேலே போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கொசு வேட்டை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம்தான் ஆகும், அதனால் வாரத்துக்கொரு தரம் பார்த்தால் போதும். பூந்தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டுத் தொட்டித் தட்டுகளில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வருவார்கள். ஒரு சீனப் பாட்டி இதற்காகவே ஆரஞ்சுப் பழம் வாங்கி வைத்திருந்தார்.

இப்போது பெற்றோரிடம் ஒரு வார்த்தை. முகாம் என்றதும் எங்களிடம் வந்த முதல் கோரிக்கை என்ன தெரியுமா? ஒரு மணி நேரம் கணிதப் பயிற்சித்தாள் சேர்த்துக்கொள்ள முடியுமா என்பதுதான். இன்னொருவர் தம் செலவிலேயே பயிற்சிப் புத்தகங்களை அச்செடுத்துக் கொடுக்கவும் தயாராக இருந்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். முடியாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, துணைப்பாட வகுப்பு இருக்கிறது, வருடத்தில் மீதி நாளெல்லாம் அதுதானே நடக்கிறது. டி-சட்டை அச்சடிப்பது, பதாகை கட்டுவது, கடைசி நாளில் யாரையாவது அழைத்துப் பரிசு கொடுத்துப் படம் எடுப்பது, இவற்றுக்கும் முடியாது என்றேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று வரும். பிறகு நிதி திரட்ட வேண்டும், குழு அமைக்க வேண்டும், குழுவுக்குள் சண்டை வரும். அடுத்த வருடம் முகாமே இருக்காது.

மாறாக, கடைசி ஒரு மணி நேரத்துக்கு எதையுமே வைக்கவில்லை. முதல் நாள் பிள்ளைகளுக்கு அது தாங்கவில்லை. "அங்கிள், நெக்ஸ்ட் என்ன?" ஒன்றுமில்லை என்றேன். "போரடிக்குது." போரடிக்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் தூணைச் சுற்றினார்கள், என்னை முறைத்தார்கள். அப்புறம் யாரோ அட்டைப் பெட்டியை இழுத்தார்கள், இன்னொருவர் அதற்குள் உட்கார்ந்தார். ஒரு பெட்டிக்கு இன்னொரு பெட்டி ஒட்டி, அந்த வாரத்துக்குள் அது கப்பலாகிவிட்டது. பட்டறைக்காரன் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? பழுது பார்க்கக் கப்பலை எப்படி நிலத்துக்கு ஏற்றுவார்கள் என்று கேட்டேன். கயிறு கட்டி இழுப்பார்கள் என்றான் ஒருவன். பாரந்தூக்கி என்றாள் ஒரு சிறுமி.

மறுநாள் வீட்டிலிருந்து நீளமான பிளாஸ்டிக் பெட்டி கொண்டுவந்தேன். நடுவில் ஒரு பலகையை நிறுத்தி, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்துக் கதவாக்கினோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் டாக். டாக்குக்குள் தண்ணீர் ஊற்றி, கடல் மட்டத்துக்கு வந்ததும் கதவை எடுத்தோம். பொம்மைக் கப்பல் உள்ளே மிதந்து வந்தது. கதவைத் திரும்ப வைத்து, குவளை குவளையாகத் தண்ணீரை மொண்டு கடல் பக்கம் ஊற்றினார்கள். களிமண் கசிந்தது, கை வைத்து அழுத்திக்கொண்டார்கள். தண்ணீர் இறங்க இறங்கக் கப்பலும் இறங்கி, கீழே வைத்திருந்த தீப்பெட்டிகள்மேல் போய் உட்கார்ந்தது. அடிப்பாகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நாங்கள் வசிக்கும் செம்பவாங்கில் 1938ல் திறந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் டாக் இருக்கிறது, வெள்ளைக்காரனின் கடற்படைத் தளம் இருந்தது, அதில் நம் தாத்தாமார் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். பிறந்தது முதல் இங்கேயே இருக்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அன்றைக்குச் சொன்னபோது கேட்டார்கள், ஏனென்றால் கை நனைந்திருந்தது.

நான்காம் மாடியில் இருக்கும், நாங்கள் மக்சிக் என்று அழைக்கும் மலாய்க்கார அம்மாவும் என் மனைவியும் பல வருடமாகத் தாழ்வாரத்தில் சிரித்துக்கொள்வதோடு சரி. இந்த முகாமில்தான் இருவருக்கும் போட்டியே வந்தது. மக்சிக் சோங்காக் பலகையைக் கொண்டுவந்தார், இவர் பல்லாங்குழியை எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டிலும் ஆளுக்கு ஏழு குழி. சோங்காக்கில் இரண்டு முனையிலும் பெரிய குழி ஒன்று இருக்கும், அதுதான் ஆட்டக்காரரின் வீடு. சுற்றி வரும்போது தன் வீட்டில் ஒரு முத்துப் போட்டுக்கொண்டே போகலாம். பல்லாங்குழியில் அந்தச் சலுகை இல்லை, ஆனால் குழியில் நான்கு முத்துச் சேர்ந்தால் அது பசு, குழிக்காரர் எடுத்துக்கொள்வார். மக்சிக்கின் பேரன் பல்லாங்குழியில் உட்கார்ந்து, தன் குழியில் பசு விழுந்ததைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டான். என் மனைவி "பசுடா, பசு!" என்கிறார். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஆங்கிலம் வராது. அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் மட்டுமே பதில் சொல்கிறாள் என்று ஊரே அறிந்த ஏழாம் மாடிச் சிறுமி நடுவில் உட்கார்ந்து, பாட்டியிடம் தமிழில் விதியைக் கேட்டு, அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். "பாட்டி, அவன் எடுக்கலாமா, இல்ல லேட்டா?" லேட் என்று தீர்ப்பானது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக நடத்தலாமே, தமிழ் வளருமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். தமிழ்மீது அவருக்கிருக்கும் அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் 1989 முதல் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புளோக்குகளில் எல்லா இனத்தவரும் கலந்து இருக்க வேண்டும் என்று கொள்கையே இருக்கிறது. என் புளோக்கில் தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஏழெட்டுப் பேர்கூடத் தேறமாட்டார்கள். பாதுகாப்புக்குப் பெரியவர்களும் தேறமாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு நம் பிள்ளைக்குச் சுண்டல் கொடுக்கவும் எனக்குக் கை வராது.

மக்சிக் ஒரு நாள் ஒண்டே ஒண்டே எனும் பலகாரம் செய்யக் கற்றுக்கொடுத்தார். பாண்டான் இலைச் சாற்றில் பிசைந்த பச்சைப் பசையரிசி மாவு, உள்ளே குலா மெலாக்கா எனும் தென்னைவெல்லத் துணுக்கு. உருட்டுவது கீழே, வேகவைப்பது மேலே மக்சிக்கின் அடுப்பில், பெரியவர்கள் மட்டும். வெல்லத்தைச் சின்னதாக நறுக்கச் சொன்னார் மக்சிக், பெரிய துண்டு உள்ளே கரையாமல் நின்றுவிடுமாம். மாவில் வெடிப்பு இருந்தால் கொதிக்கும்போது வெல்லம் வெளியே ஓடிவிடும், அதனால் உள்ளங்கையை ஈரமாக்கிக்கொண்டு வழவழவென்று உருட்ட வேண்டும். வெந்தது தானாக மேலே மிதந்து வரும். துருவிய தேங்காயில் ஒரு சிட்டிகை உப்புக் கலந்து அதில் புரட்டினார். என் வேலை அதற்கப்புறம்தான். உள்ளே இருப்பது கொதிக்கும் பாகு, கடித்தால் நாக்கு வெந்துவிடும். தட்டை என் மடியில் வைத்துக்கொண்டு, ஆறும்வரை ஒருவரையும் தொடவிடவில்லை. அன்று பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

முகாமின் கடைசி வாரத்தில் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா. சிங்கப்பூரின் முக்கியத் தீவில் வெந்நீர் ஊற்று உள்ள ஒரே பூங்கா அது, எங்களுக்கு ஒரே பஸ்ஸில் போகும் தூரம். 2020ல் புதுப்பித்துத் திறந்தார்கள். தண்ணீர் 70 டிகிரி வரை சூடாக வருகிறது, அதில் முட்டை வேகவைக்கலாம். இதற்கு மட்டும் உண்மையிலேயே ஆபத்து மதிப்பீடு எழுதினேன், பட்டறைப் படிவத்திலேயே. யார் வாளியைத் தூக்குவார், பிள்ளைகள் எந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்பார்கள், யாராவது சுட்டுக்கொண்டால் எந்தக் குழாயில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, எல்லாம் அதில் இருந்தது. அன்றைக்கு விடுப்பு எடுக்க முடிந்த பெற்றோரையும் வரச்சொன்னோம். முட்டை ஒத்துக்கொள்ளாத ஒரு பையனுக்கு நேரம் பார்க்கும் வேலை. தலைக்கவசமும் அவனுக்கே. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக விட்டு உடைத்தால் மஞ்சள் கரு இறுகியிருக்கிறது, வெள்ளைக் கரு தளதளவென்று ஆடுகிறது. வீட்டில் நேர்மாறாகப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பெரிய ஆச்சரியம். மஞ்சள் கரு 70 டிகிரிக்குள்ளேயே இறுகிவிடும், வெள்ளைக் கரு முழுசாக இறுக 80 வரை வேண்டும் என்று விளக்கினேன். பாதிப் பேர் அதற்குள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

நூலகத்துக்கும் போனோம், துணியில் பச்சைப் பயறு நிரப்பித் தைத்து ஐந்து கல் ஆடினோம், சீனச் சதுரங்க அங்கிள் தம் மேசையில் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார். எல்லாவற்றையும் எழுதினால் முடியாது.

குறையில்லாமல் நடந்தது என்று சொல்லமாட்டேன். கீழ்த்தளம் எல்லாருக்கும் பொது. இரவு வேலை முடிந்து வந்து தூங்குபவர் மேலே இருப்பார். துக்க வீட்டுக் கூடாரம் போட்டால் மூன்று நாள், ஐந்து நாள் அந்தப் பக்கமே போகக் கூடாது. போன வருடம் அப்படி ஆனபோது பிள்ளைகள் பூங்கா இணைப்புப் பாதை ஓரம் உள்ள கூரைக்கு மாறினார்கள், போகும் வழியில் ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் அதிகம் என்று ஒரு குடும்பத்திலிருந்து புகார் போனது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, பந்தை நிறுத்திவிட்டோம். ஆனால் முறைப்படி அனுமதி வாங்கலாம் என்று எழுதிக் கேட்டபோது ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டியது. அங்கே கேட்டால் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் யார், காப்புறுதி உண்டா, ஒலிபெருக்கி எத்தனை என்று திருமண வரவேற்புக்கான படிவம் வந்தது. ஒலிபெருக்கி என்றால் என் மனைவிதான்.

இது குறித்துத்தான் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், நான்கைந்து பெரியவர்கள், காலை நேரம், காசு வசூல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. இப்படிப்பட்ட சின்ன ஏற்பாட்டுக்கு என்று ஒரு பக்கப் படிவம் ஒன்று இருந்தால் போதும். இரண்டாவதாக, பல வட்டாரங்களில் புளோக்கின் கீழே பொது அறைகள் இருக்கின்றன. மாலையிலும் வார இறுதியிலும்தான் அங்கே ஆட்கள். வார நாள் காலையில் மின்விசிறியும் நாற்காலியும் கழிவறையும் பூட்டிக் கிடக்கின்றன. அந்தச் சாவியை ஜூன் மாதக் காலைகளில் மட்டும் பொறுப்பான இரண்டு குடியிருப்பாளர்களிடம் கொடுக்க முடியாதா? கூட்டிப் பெருக்கித் திருப்பித் தருகிறோம்.

இந்த ஜூனில் எங்களுக்கு இன்னும் தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. ஒரே நாளில் துக்க வீடும் இருந்து மழையும் கொட்டினால் பிள்ளைகளை எங்கே வைப்பது? எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் அடங்கமாட்டார்கள், நூலகத்திலும் விடுமுறையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. வேறு புளோக்குகளில் இப்படி நடத்திய வாசகர்கள் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இதே பகுதிக்கு எழுதுங்கள். மே மாதக் கடைசிக்குள் எழுதினால் எங்கள் தாளில் சேர்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பட்டறைப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்,
செம்பவாங்